நாலாவது குழி: மேற்படி

உங்கள் கையில் இந்நேரம் ஒரு மண் பதிவேட்டைக் கொடுத்திருப்பார்கள். ரோடு போடுவதற்கு முன்னால் வழிநெடுகக் குழி தோண்டி, அடியில் என்ன மண் இருக்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேடு. அதில் ‘மேற்படி’ என்று எழுதுவது நம் துறையில் பழக்கம். மேலே எழுதிய மண்தான் இங்கேயும் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எழுதப்போகும் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அது முடியாது என்பதால் எழுதுகிறேன். ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன். கோபம் உங்கள் மேல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நான் தென்காசியில் உதவிப் பொறியாளர். சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம். கரிசல் காட்டில் பிறந்தவனுக்குச் சாரலைப் பார்த்தாலே கொண்டாட்டம். மலையடிவாரத்திலிருந்து குத்துக்கல்வலசைப் பக்கமாக இறங்கும் ஒரு பழைய வண்டிப்பாதையை அகலப்படுத்தித் தார் போடச் சொன்னார்கள். ஊரில் அதற்குத் தண்டவாள ரோடு என்று பேர். தண்டவாளம் ஒன்றையும் அங்கே காணோம். பிறகு எதற்கு அந்தப் பேர் என்று நான் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. இத்தனைக்கும் ரோட்டோரம் இருந்த கோமதி அக்கா டீக்கடையில் தினமும் உட்கார்ந்து, கூரையைத் தாங்கிய இரும்பு உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் டீ குடித்தேன். அந்த உத்திரமே ஒரு தண்டவாளம். பொறியியல் படித்த மண்டைக்கு அது உறைக்கவில்லை.

மொத்தம் நாலு குழி. ஒவ்வொன்றும் ஆளுயரம் தோண்ட வேண்டும். தோண்டியவர் சாலைப் பணியாளர் இசக்கிமுத்து. வீரகேரளம்புதூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். முதல் குழியில் அருமையான செம்மண். மம்பட்டி பட்டால் கங்கு தெறிக்காத குறைதான், அவ்வளவு கெட்டி. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே. நாலாவது குழிக்குக் குறித்த இடம், பழைய ஓடைப்பள்ளத்தைத் தாண்டும் உயரமான கரை. ஓடைத் தண்ணீர் எந்தக் காலத்திலோ வேறு பக்கம் திரும்பிவிட்டது. வெறும் பள்ளமும் அதன் குறுக்கே மண்கரையும்தான் மிச்சம்.

மணி இரண்டு ஆகிவிட்டது. எனக்குக் கொலைப்பசி. செங்கோட்டை போகிற வழியில், பார்டர் என்று எல்லாரும் சொல்லும் கேரள எல்லைப்பக்கக் கடையில், புரோட்டாவும் நாட்டுக்கோழியும் தீர்ந்துவிடுமே என்ற கவலை.

“அண்ணாச்சி, போதும். கரை பூரா ஒரே செம்மண்ணுதான். மேல பாத்தாலே தெரியுதுல்லா?” என்றேன்.

அவர் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். “நாலையும் தோண்டிருவோம் சார். இம்புட்டுப் பள்ளத்த தூக்க மண்ணு எங்கன இருந்து வந்துச்சுன்னு தெரியலயே.”

“எங்கன இருந்து வந்தா நமக்கென்ன? சவத்த விடுங்க. மம்பட்டிய வண்டில போடுங்க, புரோட்டா திங்கப் போவோம்.”

அவர் சிரித்துக்கொண்டே மம்பட்டியைத் தூக்கி வண்டியில் போட்டார். கடையில் இலையை எடுத்த கையோடு பதிவேட்டைத் திறந்து எழுதினேன். குழி ஒன்று: செம்மண், கெட்டி. இரண்டு: மேற்படி. மூன்று: மேற்படி. நாலு: மேற்படி. விரலில் அப்போதும் சால்னா வாசனை இருந்தது. அந்தப் பக்கத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் எந்த மேற்படி உண்மை, எந்த மேற்படி பொய் என்று ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

ரோடு போட்டோம். ஒரு விரிசல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. ‘அந்தாளு போட்ட ரோடு கெட்டி’ என்று எனக்குப் பேர் கிடைத்தது. அந்தப் பேரோடு ஊர் ஊராக மாற்றலாகிப் போய், பதினோரு வருஷம் கழித்து, உதவிக் கோட்டப் பொறியாளராகத் தென்காசிக்கே திரும்பி வந்தேன்.

அது சீசன் நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குற்றாலம் போகும் பெரிய ரோட்டில் மரம் விழுந்து வண்டியெல்லாம் நின்றுவிட்டது. போலீஸ் ஆய்வாளர் போனில் கூப்பிட்டார். “சார், எந்த வழியில திருப்பிவிட?” நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “தண்டவாள ரோட்டுல விடுங்க. நான் போட்ட ரோடு, பயப்படாம விடுங்க” என்றேன். அந்தப் பெருமையை இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. இசக்கிமுத்து போன் பண்ணினார். “சார், கோமதி அக்கா கடை வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. கரை சரியில்ல.”

போனேன். கடை, கரைக்குக் கீழே பள்ளத்தின் ஓரத்தில். தலைக்கு மேலே பஸ்ஸும் வேனும் வரிசையாகப் போகின்றன. கோமதி அக்கா ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“நாலு நாளா கரைக்கு அடியில கசியுது சார். நம்ம டீ டிக்காசன் தோத்துப்போவும், அப்பிடி நிறம். எங்க வீட்டுக்காரர் மழத்தண்ணிதான்னு சொல்லுதாரு. மழத்தண்ணி இந்த நிறத்துலயா வரும்?”

இசக்கிமுத்து கடப்பாரையைக் கரையின் பக்கவாட்டில் குத்தினார். ஒரு முழம் வரைக்கும் செம்மண். அதற்கப்புறம் கடப்பாரை பொதுக்கென்று உள்ளே போயிற்று. பிடித்த கை வரைக்கும் போயிற்று. அவர் தள்ளக்கூட இல்லை. உருவி எடுத்தபோது நுனியில் கறுப்பாக ஈரத்தூள். என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாருங்க. மரம் அறுக்க மில்லுல வருமே, அந்த வாடை.”

ரோட்டுக்கு அடியில் இருந்தது மண் இல்லை, மரத்தூள். முழுக்கரையும் மரத்தூள். அந்த இடம்தான் நாலாவது குழி.

அந்த நிமிஷமே ரோட்டை அடைத்திருக்க வேண்டும். எவனுக்கும் தெரியும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேலே பஸ் போய்க்கொண்டிருக்கிறது, நான் பதிவேட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். ரோட்டை அடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பதிவேட்டை எடுப்பார்கள். எடுத்தால் நாலாவது மேற்படி. இது என் தலைக்குள் ஓடி முடிய எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியாது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“பெரிய வண்டிய மட்டும் நிறுத்துவோம் அண்ணாச்சி. காரு, வேன் ஒவ்வொண்ணா போகட்டும்.”

இசக்கிமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு கரை மேல் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். பஸ்களை நிறுத்தினோம். ஒரு கார் போயிற்று. இன்னொரு கார் போயிற்று. அடுத்தது ஒரு வேன். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டம், ஜன்னலெல்லாம் ஈரத்துண்டு தொங்குகிறது, உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாடுகின்றன. அது கரையின் நடுவுக்கு வரும்போது தாரில் ஒரு கோடு விழுந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

இசக்கிமுத்து ஓடினார். வேனுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் அதன் முகத்தில் அடித்தார்.

“பின்னால எடுலே! ஏலே, பின்னால எடு!”

“யோவ், என்னய்யா குடிச்சிருக்கியா? கையை எடு!” என்று டிரைவர் கத்தினார்.

“எடுடா பாவி, பிள்ளைய இருக்குல்லா!”

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, டிரைவர் பின்னால் எடுத்துவிட்டார். வேன் நாலு ஆள் நீளம் பின்வாங்கியிருக்கும். தொப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. இசக்கிமுத்து நின்ற இடத்தில் ரோடு இல்லை, அவரும் இல்லை.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஐயோ, நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! தரைக்குள்ளே ஒரு பாலம் நின்றுகொண்டிருந்தது. தடித்தடியான மரக்கால்கள், குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு தண்டவாளம். ஒன்று அறுந்து தொங்கியது. அந்தக் கால்களுக்கு நடுவில் கறுப்புச் சகதியில் நெஞ்சு வரைக்கும் புதைந்து இசக்கிமுத்து. என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் வார்த்தை, “வேன் பின்னால போயிட்டா சார்?”

வேனில் இருந்தவர்கள்தான் கயிறு போட்டு இழுத்தார்கள். வேனில் பதினேழு பேர், அதில் ஏழு பிள்ளைகள். இசக்கிமுத்துவின் இடது கால் இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் மாட்டி முட்டியில் நொறுங்கிவிட்டது. அந்தக் கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த ரோட்டின் கதை தெரிந்தது. ரோடு போட்ட நாளிலேயே ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கேட்டுத் தெரிந்திருக்கலாம். ஒரு தனியார் மரக்கம்பெனி, மலையிலிருந்து வெட்டிய தடிமரத்தை இறக்க அந்தப் பாதையில் சின்ன டிராம் ஓட்டியிருக்கிறது. எஞ்சின் கிடையாது. காலி வண்டியை மாடு கட்டி மேலே இழுப்பார்கள். தடி ஏற்றிய வண்டி சரிவில் தானாக இறங்கும். இரண்டு ஆள் நின்று மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்தி வேகத்தைக் குறைப்பார்கள். மாடுகளும் கடைசி வண்டியில் ஏறி நின்றுகொண்டு சவாரியாகக் கீழே வருமாம். அடிவாரத்தில் கம்பெனியின் மில். ஓடையைத் தாண்டத்தான் அந்த மரப்பாலம்.

மலையில் மரம் வெட்ட அனுமதி நின்றதும் கம்பெனி மூடிவிட்டது. போகும்போது பாலத்தை மண் போட்டு மூடி, விவசாயிகளுக்கு வண்டிப்பாதையாக விட்டுப்போக வேண்டும் என்று ஒப்பந்தம். மில்லிலோ மலைபோல மரத்தூள் குவிந்து கிடந்தது. அதை அதே டிராம் வண்டியில் அள்ளிவந்து பாலத்தின் மேலிருந்தே கொட்டிப் பள்ளத்தை நிரப்பிவிட்டு, மேலாக மட்டும் செம்மண்ணைப் போட்டு மெழுகிவிட்டார்கள். மற்ற இடத்துத் தண்டவாளத்தைக் கழற்றி ஊராருக்கு விற்றார்கள். கோமதி அக்கா கடை உத்திரம் அப்படி வந்ததுதான். பாலத்தில் இருந்ததைப் புதைந்தபடியே விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் என் கெட்டியான ரோட்டைத் தாங்கியது அந்தக் கம்பெனியின் மரக்கால்கள்.

இதையெல்லாம் சொன்னவர் கம்பெனிக்காரரின் பேரன், செங்கோட்டையில் இருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கரையிலும் என்ன போட்டு நிரப்பினோம் என்று கம்பெனி மேஸ்திரி அதில் எழுதியிருக்கிறார். முதல் கரைக்கு எதிரே ‘செம்மண்’ என்று இங்கிலீஷில். அதற்குக் கீழே வரிசையாக இரண்டு இரண்டு சின்னக் கோடு. மேலே உள்ளதுதான் இங்கேயும் என்கிற குறி. ஓடைப்பள்ளத்துக்கு எதிரிலும் அதே இரண்டு கோடு. அந்த மனுஷன் யாரென்றே தெரியாது. ஆனால் அவன் கை எனக்குத் தெரியும்.

விசாரணைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். பேரைச் சொல்ல மாட்டேன். அதட்டாத மனுஷர், அதனாலேயே பயமாக இருக்கும். மேஜையில் ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் என் பதிவேடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாலாவது குழி தோண்டுனதா?”

நான் வாயைத் திறப்பதற்குள், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இசக்கிமுத்து சொன்னார். “நாந்தான் தோண்டுனேன்யா. ஆளுயரம் தோண்டுனேன். செம்மண்ணுதான்.”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி என்னிடம் கேட்டார். “அப்பிடியா?”

“ஆமா சார்” என்றேன்.

ஆமாம், சொன்னேன். நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னை என்ன நினைத்தாலும் சரி. என் உசிர் இல்லை, என் பேர் போய்விடுமே என்றுதான் சொன்னேன். பொய் சொன்ன வாய் கொஞ்சம்கூடக் குழறவில்லை, அதுதான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

அதிகாரி நிதானமாக எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். குழியை ஆளுயரம் தோண்டாமல், மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுத் தோண்டியதாகப் பணியாளர் பொறியாளரை ஏமாற்றியிருக்கிறார் என்று கருத இடம் இருக்கிறது. பேப்பரைத் திருப்பி இசக்கிமுத்து பக்கம் நகர்த்தினார். “கையெழுத்துப் போடும். இதுல வேலை போகவும் வாய்ப்பிருக்கு, தெரியும்லா?”

“தெரியும்யா.”

மேஜை எட்டவில்லை. நீட்டிய கால் இடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பேனாவை வாங்கி, ‘இ’ என்று ஆரம்பித்தார். சம்பளப் பட்டியலில் அவர் கையெழுத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போடுவார். ‘இச’ என்று வந்தது. பேனா அடுத்த எழுத்துக்குப் போனது.

“நிறுத்துங்க அண்ணாச்சி!” என்று கத்திவிட்டேன். பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். “சார், குழி தோண்டல. நான் வேண்டாம்னுட்டேன். புரோட்டா திங்கணும்னு வேண்டாம்னுட்டேன். அன்னைக்கு ரோட்ட அடைக்காம வேனை விடச் சொன்னதும் நான்தான்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த வரைபடத்தைக் காட்டி, பழைய ஆவணத்த நம்புனேன்னு சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருக்கலாம். நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார்.

“இந்த வரைபடத்த நான் போன வாரம்தான் சார் பாத்தேன்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் புதிய தாள் எடுத்தார். எனக்குத் தண்டனை வந்தது. அதற்கப்புறம் பதவி உயர்வு கிடையாது. உதவிக் கோட்டப் பொறியாளராகவே ஓய்வுபெற்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். வருத்தம் உண்டு. ஆனால் அது நியாயம்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் அண்ணாச்சி அப்பிடிச் சொன்னீங்க? என்னைக் காப்பாத்தவா?”

“உங்கள எதுக்கு சார் காப்பாத்தணும்?” என்று அவர் எரிந்து விழுந்தார். “அன்னைக்கு நீங்க போதும்னதும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. மூணு குழி தோண்டி இடுப்பு கழண்டு போச்சு. நாலையும் தோண்டிருவோம்னு ஒரு தடவ சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லலயே. சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்கல்லா?”

கேட்டிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ வந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்தேன்.

பள்ளத்தில் இப்போது கான்கிரீட் பாலம் இருக்கிறது. மரத்தூளையெல்லாம் அள்ளிய பிறகு அதற்கு மண் பார்க்க மறுபடியும் நாலு குழி தோண்ட வேண்டியிருந்தது. பதிவேடு என் கைக்கு வராது, வேறொரு பொறியாளர் வந்திருந்தார். மூன்று குழியைப் பணியாளர்கள் தோண்டினார்கள். நாலாவதற்கு வந்தபோது நான் சட்டையைக் கழற்றிக் கோமதி அக்கா கையில் கொடுத்துவிட்டு மம்பட்டியை வாங்கினேன். யாரும் தடுக்கவில்லை. பாதியிலேயே கை கொப்புளித்துவிட்டது, இடுப்பு அந்தாலே விட்டுப்போயிற்று. மணி இரண்டாகிவிட்டது. நல்ல செம்மண்ணாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து மேலே பார்த்தேன்.

குழியின் விளிம்பில் டீக்கடை பெஞ்சைப் போட்டு, மடங்காத காலை என் தலைக்கு நேரே நீட்டிக்கொண்டு இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன பாக்கீங்க?” என்றார். “நெஞ்சுதான் முங்கியிருக்கு. ஆளுயரம் வரல. தோண்டுங்க.”

நான் குனிந்து தோண்டினேன். அவர் ரெண்டாந்தடவையும் சொன்னார்.

“தோண்டுங்க சார்.”